அங்குலத்தை அளந்து பேஸை எடை போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கல்யாண வரவேற்பில் நான் பேஸ் கிடார் வாசித்தபோது, என் 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டியைச் சவுண்ட் என்ஜினியர் மைக்கில் கேலி செய்ததைப் பற்றி எதுவும் எழுதுவதாக இல்லை. அதன் வீடியோவைப் பார்த்தவர்கள் பார்த்துவிட்டீர்கள், சிரித்தவர்கள் சிரித்துவிட்டீர்கள், அதோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் என்னிடம் பேஸ் கிடார் கற்று, இப்போது தேவாலயத்திலும் கல்யாணங்களிலும் வாசிக்கும் தம்பி ஒருவர் நேற்று மாலை போன் செய்தார். அந்த வீடியோவைப் பார்த்த கையோடு தன்னிடமிருந்த அருமையான 2×10 கேபினெட்டை (இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் உள்ள பெட்டி) கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு, பெயர் தெரியாத ஒரு 15 அங்குலப் பெட்டியை வாங்கிவிட்டாராம். "பதினஞ்சு இன்ச் இல்லாம பேஸ் வராதுன்னு அவ்வளவு பெரிய சவுண்ட் என்ஜினியரே சொல்றாரேண்ணா" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஸ்பீக்கரின் விட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பேஸ் கேபினெட் எவ்வளவு தாழ்ந்த சுரம் வரை இறங்கும், எவ்வளவு உரக்கக் கேட்கும், வாசிப்பு தெளிவாக விழுமா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த ஸ்பீக்கர் எப்படிச் செய்யப்பட்டது, எத்தனை ஸ்பீக்கர்கள், பெட்டியின் கொள்ளளவு என்ன, அதில் துளை உண்டா, உண்டென்றால் எந்த அதிர்வெண்ணுக்கு வெட்டப்பட்டது என்று கேட்ட பிறகுதான் அங்குலத்தைக் கேட்க வேண்டும்.

பெரியதென்றால் தாழ்ந்த நாதம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பி வலப்பக்க வலந்தலையைவிட அகலமானது, அதன் நாதமும் தாழ்ந்தது. அதே கணக்கை ஸ்பீக்கருக்கும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் மிருதங்கத்தில்கூட அகலம் மட்டும் வேலை செய்வதில்லை. கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவது எதற்காம்? எடை கூடினால் சுருதி இறங்கும் என்பதற்காகத்தானே! ஸ்பீக்கரிலும் காற்றைத் தள்ளும் கோனும் அதை ஆட்டும் வாய்ஸ் காயிலும் சேர்ந்த எடை, அவற்றைத் தாங்கும் விளிம்பின் தளர்வு ஆகிய இரண்டும் சேர்ந்தே அதன் இயல்பான அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இயல்பாக அதிரும் 10 அங்குல ஸ்பீக்கர்களும் உண்டு, 50ஐத் தாண்டி அதிரும் 15 அங்குல ஸ்பீக்கர்களும் உண்டு. அதுவும் தவிர, தோலைத் தட்டிவிட்டால் அது தானாக அதிர்கிறது. கோனையோ ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், விடாமல் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறது.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கும் தருகிறேன். 10 அங்குல ஸ்பீக்கரில் காற்றைத் தள்ளும் பரப்பு ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர், 15 அங்குலத்தில் ஏறத்தாழ 850. ஆக 2×10 என்பது 700. நான்கு பத்துகள் வைத்தால் 1400, அதாவது 15ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கோன் எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகும் என்பதையும் இதோடு பெருக்க வேண்டும். ஒரு பக்கம் 6 மில்லிமீட்டர் நகரக்கூடிய நல்ல பத்துகள் இரண்டு சேர்ந்து 420 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். 4 மில்லிமீட்டர் மட்டுமே நகரும் ஒரு 15 தள்ளுவது 340. எந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரலாற்றைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். அமெரிக்காவில் கிடார் செய்த லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிடாரைக் கொண்டுவந்தார். அதற்காக 1952இல் வந்த பாஸ்மன் ஆம்பில் இருந்தது ஒரே ஒரு 15 தான். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவரே அதை எடுத்துவிட்டு நான்கு பத்துகளை வைத்தார். 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வ் ஆம்பை இறக்கியது. அதனோடு போன கேபினெட்டில் இருந்தவை எட்டுப் பத்துகள், துளையே இல்லாத மூடிய பெட்டியில், இரண்டிரண்டாகத் தனித்தனி அறைகளில். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்தில் முழங்கியது இந்த ஆம்பை வைத்துத்தான். அதன் வழிவந்த எஸ்.வி.டி.-810ஈ கேபினெட்டின் விவரத்தாளைப் பாருங்கள்: 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைகிறது. நம் பேஸின் தாழ்ந்த ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். அப்படியானால் ராக் இசையின் அடையாளமாகிவிட்ட அந்தப் பேஸ் நாதத்தில் 41 ஹெர்ட்ஸ் என்ற அந்த அடிச்சுரம் பாதி கூட ஒலிக்கவில்லை. அதோடு சேர்ந்து 82 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் வரும் மேற்சுரங்கள்தாம் காதை நிறைக்கின்றன, மிச்சத்தைக் காதே இட்டு நிரப்பிக்கொள்கிறது. 10 அங்குலத்தில் பேஸ் வராது என்றால் இந்த அரை நூற்றாண்டாக மேடைகளில் வந்தது என்ன?

பெட்டியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் மெல்லிசைக் குழுவில் சேர்ந்த காலத்தில் எங்கள் மாஸ்டர் ரிச்சி தெருவில் ஒரு 15 அங்குல ஸ்பீக்கர் வாங்கி, தச்சரிடம் பிளைவுட்டில் பெட்டி அடிக்கச் சொன்னார். தச்சர் அளவு கேட்டதற்கு, ஸ்பீக்கர் உள்ளே உட்கார்ந்தால் போதும் என்றார். கீழே அழகுக்காக இரண்டு வட்டத் துளைகள். வாசித்தால் டி ஸ்ட்ரிங்கை ஒட்டிய சுரங்கள் மட்டும் மேடையே அதிரும்படி இடிக்கும். ஈ ஸ்ட்ரிங்குக்கு இறங்கினால் கோன் பயங்கரமாக ஆடும், சத்தம் மட்டும் வராது. எல்லாப் பாட்டும் ஒரே சுரத்தில் இருப்பது போலிருக்கும். 18 அங்குலம் வாங்கினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். வானொலி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எதுவும் வாங்க வேண்டாம், பிளம்பிங் கடைக்குப் போய் 4 அங்குல பி.வி.சி. குழாய் ஒரு துண்டு வாங்கி வாருங்கள் என்றார். இரண்டு துளைகளிலும் உள்பக்கமாகக் குழாயைச் செருகி, என்னை ஈ ஸ்ட்ரிங்கில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லி, கோனின் மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்து, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறைத்தார். சாயங்காலத்துக்குள் அதே பெட்டி, அதே ஸ்பீக்கர், ஈ ஸ்ட்ரிங்கில் நிமிர்ந்து நின்று பேசியது. துளை குட்டையாக இருந்தபோது பெட்டி மேலே எங்கோ ஒத்திசைந்துகொண்டிருந்தது, குழாய் நீண்டதும் கீழே இறங்கியது, அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் பொறியாளர் நெவில் தீல் 1961இலேயே ஆஸ்திரேலியாவில் எழுதிவைத்துவிட்டார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். உலகத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள் எல்லாம் இன்றும் இவர்கள் இருவரின் பெயராலேயே அந்த எண்களைச் சொல்கிறார்கள். அந்த எண்களில் அங்குலம் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை.

இப்போது "ஜாக்கோ பாஸ்டோரியஸ் 18 அங்குலத்தில் வாசித்தாரே" என்று ஒருவர் கிளம்புவார். அந்த அமெரிக்க பேஸ் மேதை வாசித்தார்தான். அது அக்குஸ்டிக் 360 ஆம்பின் கேபினெட். அதில் 18 அங்குல ஸ்பீக்கர் கூட்டத்தைப் பார்த்தே இருக்காது. பின்பக்கமாகத் திரும்பி, மடித்து மடித்துச் செய்த ஹார்ன் என்ற விரிந்த குழலுக்குள் ஊதும். அந்த மடிப்புப் பெட்டியைத் தூக்கிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் வைத்திருந்தால் ஜாக்கோவின் நாதம் வந்திருக்குமா? நீங்கள் எனக்கு எதிராகக் கொண்டுவந்த சாட்சி என் கட்சியில்தான் பேசுகிறது.

"15இல் ஒரு கனம் இருக்கிறது, அது பத்தில் இல்லை" என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பல 15கள் மேலலைகளைச் சீக்கிரமே விட்டுவிடுவதால் மிச்சமிருப்பது கனமாகத் தோன்றும். ரெகே வாசிப்பவர்களுக்கு அது பிடிக்கும். பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள், நான் ஏன் சண்டைக்கு வரப்போகிறேன்? ஆனால் நம் மேடைகளில் வாசிக்கப்படுபவை பெரும்பாலும் ராஜா சார் பாடல்கள். அவற்றில் பேஸ் ஓரமாக உறுமிக்கொண்டு நிற்பதில்லை, பாடகருக்கு எதிர்ப்பாட்டுப் பாடிக்கொண்டே போகிறது. அந்த வரியின் ஒவ்வொரு சுரமும் கேட்க வேண்டுமானால் கனத்தைவிடத் தெளிவு முக்கியம். 15 அங்குலக் கோன் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை நேர்முகமாகக் குறுக்கத் தொடங்கிவிடும், பக்கவாட்டில் நிற்பவர்களுக்கு அது சரியாகப் போய்ச் சேராது. 10 அங்குலம் 1600 வரை தாங்கும். இரண்டு பத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவும் குறுக்கும்தானே என்று கேட்டால், கேபினெட்டை நிமிர்த்தி வையுங்கள் ஐயா, முடிந்தது.

"4×10க்குக் கீழே ஒரு 15ஐ வைத்தால் இரண்டும் கிடைக்குமே" என்று கேட்பவர்களுக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த யோசனையில்தான் அதிகப் பணம் பாழாகிறது. இரண்டும் 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப் 400 வாட் தந்தால் ஆளுக்கு 200. மேலே அந்த 200 நான்கு பத்துகளுக்கும் பிரிந்து தலைக்கு 50 ஆகிறது. கீழே ஒற்றை 15 தனியாக 200ஐயும் வாங்கிக்கொள்கிறது. நடுவில் சுரங்களைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் இல்லாததால் தாழ்ந்த சுரங்கள் 15க்கும் மற்றவை பத்துக்கும் போவதில்லை, எல்லாம் இரண்டுக்கும் போகின்றன. முதலில் மூச்சு வாங்குவது, அடிநாதத்துக்காக என்று நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த 15 தான். போதாததற்கு இரண்டு பெட்டிகளின் அலைக்கட்டமும் சில அதிர்வெண்களில் ஒத்துப்போகாமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதே காசுக்கு இன்னொரு 4×10 வாங்கியவர் நிம்மதியாக இருப்பார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம், எப்படியும் கேட்கத்தான் போகிறீர்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது என் கேபினெட்டின் ஒலியே அல்ல. ஆம்பிலிருந்து டி.ஐ. என்ற நேரடி இணைப்பு போட்டு மிக்சருக்குக் கொடுத்தாயிற்று. அங்கிருந்து அது பி.ஏ. என்கிற மண்டபத்து ஒலிபெருக்கிகளுக்கும் தரையில் இருந்த 18 அங்குல சப்வூஃபர்களுக்கும் போனது. என் 2×10 எனக்கும் டிரம்மருக்கும் கேட்பதற்காக மேடையில் நின்றது. "பேஸே வரலையே, பத்து இன்ச் டப்பா வச்சா இப்படித்தான்" என்று அந்த என்ஜினியர் மைக்கில் சொல்லி, பெண் வீட்டார் சிரித்து, அதை ஒரு பையன் படமெடுத்து, நீங்கள் எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, நான் சாமான்களை எடுக்கப் போகும்போது அந்த மிக்சரைப் பார்த்தேன். பேஸ் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் லோ கட் பொத்தான் அழுத்தியே இருந்தது. ஈ 41, ஏ 55, டி 73, மேலே இருக்கும் ஜி கூட 98. நான்கு திறந்த ஸ்ட்ரிங்குகளின் அடிச்சுரங்களையும் பொத்தானை அழுத்தி வெட்டிவிட்டு, பேஸ் வரவில்லை என்று என் பெட்டியைக் குறை சொல்லியிருக்கிறார். அப்போது நான் எதுவும் பேசவில்லை. கல்யாண வீடு, பெரியவர்கள் நிற்கிறார்கள், வாய் திறக்க மனம் வரவில்லை.

வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செல்போனில் எடுத்ததைச் செல்போனில் கேட்டுவிட்டு, சுண்டுவிரல் நகத்தளவு ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். பாராட்டுகள்.

"சவுண்ட் என்ஜினியருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது" என்று கேட்கத் தோன்றும். பல நல்ல என்ஜினியர்கள் எனக்கு நண்பர்கள். மேடைக்கு வந்து, உங்களுக்கு என்ன கேட்கிறது அண்ணா என்று கேட்டுவிட்டுப் போய் ஃபேடரைத் தொடுவார்கள். ஆனால் பேஸ் வாசிப்பவன் என்றாலே கடைசியாக சவுண்ட் செக், கடைசியாக மானிட்டர், குறை வந்தால் மட்டும் முதல் ஆள் என்பது எத்தனை காலமாக நடக்கிறது! கிடார்காரரின் ஆம்ப் சிறியதாக இருந்தால் வின்டேஜ் என்பார்கள், நம்முடையது சிறியதாக இருந்தால் டப்பா. எஸ்.வி.டி.-810ஈ 60 கிலோவுக்கும் மேல். லிஃப்ட் வேலை செய்யாத மண்டபங்களில் இரண்டாவது மாடிக்கு அதைத் தூக்குவது யார்? நியோடிமியம் காந்தம் வைத்த, ஒரு கையால் தூக்கக்கூடிய இரண்டு பத்துகளில் வேலையை முடிப்பவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒருமுறையாவது கேபினெட்டின் மறுமுனையைப் பிடித்திருக்க வேண்டாமா?

என்னதான் வாங்குவது என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், கீழே இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் உரக்கக் கேட்க வேண்டும் என்ற மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் அன்டன் ஹாஃப்மன் காலத்திலிருந்து தெரிந்த விதி. எந்த அங்குலமும் இதிலிருந்து தப்பாது. 5 அங்குல ஸ்பீக்கர்களையே வரிசையாக அடுக்கிப் பேஸ் கேபினெட் செய்து ஃபில் ஜோன்ஸ் உலகெங்கும் விற்கிறார், அவற்றுக்கும் இதே விதிதான். 5 ஸ்ட்ரிங் வாசிப்பவர்களுக்குத் தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். அதற்குப் பெட்டியின் கொள்ளளவைப் பாருங்கள். சிறிய மேடைக்கும் பி.ஏ. இருக்கும் இடத்துக்கும் ஒரு நல்ல 12 அல்லது 2×10 தாராளம். பி.ஏ. இல்லாத திறந்தவெளிக்கு எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒரே மாதிரிப் பெட்டிகளாக. 15 பிடித்திருந்தால் 15 வாங்குங்கள், ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்குங்கள், யாரோ மைக்கில் சிரித்தார் என்பதற்காக வேண்டாம்.

இன்னும் சந்தேகம் தீராதவர்கள், அந்த என்ஜினியர் உள்பட, எந்த ஞாயிறு காலையிலும் எங்கள் ஒத்திகை அறைக்கு வரலாம். ஒரே பேஸ், ஒரே ஆம்ப், முன்னால் கறுப்புத் திரை, இரண்டு கேபினெட்டின் சத்தத்தையும் மீட்டரில் அளந்து சமப்படுத்திவிட்டு வாசிக்கிறேன். சத்தம் கொஞ்சம் கூடியதே நல்லதாகக் கேட்கும் என்பதால் அதைச் சமப்படுத்தாமல் செய்கிற சோதனை எனக்கு வேண்டாம். எது 15, எது 2×10 என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அறை இரண்டாவது மாடியில் இருக்கிறது. 15ஐக் கொண்டுவருபவரே அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், நான் கை கொடுக்க மாட்டேன்.