கவுனி தாண்டிய குடையும் ஆகஸ்ட் மாத நடையும்

ஆகஸ்ட் பிறந்ததும் என் போனுக்கு அழைப்புகள் வரிசைகட்டும். ஜார்ஜ் டவுன் நடை, ராயபுரம் நடை, பழைய கட்டடங்கள் புகைப்படப் போட்டி, மாடியில் உட்கார்ந்து ஒரு சொற்பொழிவு, கடைசியில் ஃபில்டர் காபி. 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு இந்தக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தத் தேதியை வைத்து 2004இல் சிலர் சேர்ந்து மெட்ராஸ் தினம் ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வாரமாகி, இப்போது மாதம் முழுக்க நடக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த நடைகள் பிடிக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். தினமும் கடந்துபோகிற சுவர்களைப் பற்றி யாரோ ஒருவர் நின்று நிதானமாகச் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 'வெள்ளைக்காரன் கட்டினதை எதுக்குக் கொண்டாடணும்' என்று வருடாவருடம் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. வெள்ளைக்காரன் கட்டச் சொன்னான், அவ்வளவுதான். செங்கல் சுமந்ததும் சுண்ணாம்பு அரைத்ததும் யார்? என் தாத்தா கொத்தனார். அதனால் அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

என் வருத்தம் வேறு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் முப்பது பேர் நின்றோம். வழிகாட்டி நல்ல விஷயம் தெரிந்தவர், நல்ல இங்கிலீஷும் பேசினார். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது, இந்தத் தூண்களைப் பாருங்கள் என்று அவர் காட்ட, எல்லோரும் கேமராவைத் தூக்கினோம். ஓரமாகப் புட்டுக் கூடையை இறக்கி வைத்திருந்த ஆயா என்னைத்தான் கூப்பிட்டது. கூட்டத்தில் லோக்கல் முகம் எதுவென்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாப்பா, ஷூட்டிங்கா?"

"இல்ல ஆயா, ஸ்டேஷனைப் பாக்க வந்திருக்காங்க."

"அதுல இன்னா கீது பாக்க? ட்ரெயின் வுட்டா ஏறிப் போலாம்."

அன்று முழுக்க நான் கேட்ட பேச்சில் இதைவிடச் சரியான பேச்சு எதுவும் இல்லை. வெளியூர் ரயில்கள் மறுபடியும் ராயபுரத்திலிருந்து கிளம்ப வேண்டும், இதை முனையமாக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் பல வருடமாக மனு கொடுக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். அதுவும் ஒரு பழைய கட்டடத்தைக் கொண்டாடுகிற வேலைதானே? ஆனால் எந்த நடையிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தூண் பேசும், ஆயா பேசாது.

அந்த எரிச்சலில், நம்ம தெருப் பிள்ளைகளை வைத்து நாமே ஒரு நடை நடத்தலாம் என்று கிளம்பினேன். பதினான்கு பிள்ளைகள், இரண்டு அம்மாக்கள், ஒரு பாக்கெட் பிஸ்கட். நிலையத்தின் முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்தி, "இதுதான் இந்தியாவின் முதல் ரயில்வே ஸ்டேஷன்" என்றேன். பக்கத்து டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, பசங்களுக்குத் தப்பாச் சொல்லாத. மொத ஸ்டேஷன் பம்பாய் போரிபந்தர். 1853லயே தானாவுக்கு வண்டி வுட்டான். அந்தப் பழைய ஸ்டேஷன் இப்ப இல்ல. கட்டின கட்டடம் அப்படியே நின்னு, இன்னமும் வண்டி போறதுல நம்மளுதுதான் பழசு." ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். எனக்குக் காது சூடாகிவிட்டது. பிள்ளைகள் சிரித்துவிட்டன. அப்புறம் அவரையே கூட்டிக்கொண்டு நடந்தோம். பிளாட்பாரத்தில் எந்த ஆபீஸ் எங்கே இருந்தது, சரக்கு எங்கே இறங்கும் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். எந்த நடையிலும் இதுவரை அவரை யாரும் கூப்பிட்டதில்லையாம். நானும் அந்த டீக்கடையில் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்படி எங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டியது நிறைய. அரண்மனைக்காரத் தெருவிலேயே 1772இல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம், முற்றத்தில் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் அச்சானது மெட்ராஸில்தான், அதை நடத்திய பாதிரியார் அங்கேதான் அடங்கியிருக்கிறார். ராயபுரத்தில் பார்சிகளின் அக்னிக் கோயில், 1910. உள்ளே அவர்களைத் தவிர யாரும் போக முடியாது, கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். ஏழுகிணறில் வள்ளலார் வாழ்ந்த வீடு. காலடிப்பேட்டை என்ற பெயருக்குள் காலட் என்கிற வெள்ளைக்கார கவர்னர் ஒளிந்திருக்கிறார், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. சரி, பட்டியல் போட ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

சுவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து முற்றுகை போட்டார்கள், பின்னாலேயே ஹைதர் அலி பயம். அதற்காகக் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றிக் கம்பெனி மதில் எழுப்பியது. மதிலுக்கான செலவை ஊர்க்காரர்களிடமே வரியாகப் பிடுங்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வரி வசூலாகாமலேயே வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் நின்றுவிட்டது. சுவரில் இன்று மிச்சம் இருப்பது பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் ஒரு துண்டு. அதன் தலையில் ஒரு பூங்கா இருப்பதால் நாங்கள் மாடிப் பூங்கா என்போம். காதலிக்கிற பிள்ளைகளுக்கும் சீட்டாடுகிற பெரியவர்களுக்கும் அது பூங்காதான். காலடியில் 250 வருடத்து மதில் இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். வாசல் இடிந்து எத்தனையோ காலம் ஆகிறது, ஒரு கல்கூட அங்கே கிடையாது. ஆனால் புரட்டாசியில் திருப்பதிக் குடை கிளம்புகிற அன்று வந்து பாருங்கள். பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து குடைகள் புறப்பட்டு, சாயங்காலம் யானைக்கவுனி தாண்டும். "கவுனி தாண்டிடுச்சா?" என்று அன்று மதியத்திலிருந்தே வீட்டுக்கு வீடு கேட்பார்கள். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளைக் குடைகள் ஆடி ஆடி வரும், ஜரிகைத் தொங்கல் வெயிலில் மின்னும், கவுனி இருந்த இடம் வந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கோவிந்தா போடும். கால் வைக்க இடம் இருக்காது. மார்வாடிக் கடைக்காரர் மோர் ஊற்றுவார், வாங்கிக் குடிக்கிறவர் எந்த சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இல்லாத ஒரு வாசலை வருடம் தவறாமல் ஒரு ஊரே தாண்டுகிறது! நுழைவுச்சீட்டு இல்லை, பனியன் இல்லை, ஹேஷ்டேக் இல்லை. இடிந்துபோன வாசலையே இப்படி வைத்துக்கொள்ளத் தெரிந்த ஜனங்களுக்கு, நிற்கிற கட்டடத்தைப் பற்றி 'விழிப்புணர்வு' ஊட்ட வருகிறோம் என்று சிலர் நோட்டீஸ் அடிக்கும்போது சிரிப்பு வருகிறது. திருவொற்றியூரில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. சுந்தரர் சங்கிலியாருக்கு மகிழமரத்தடியில் செய்து கொடுத்த சத்தியத்தை இன்றும் கோயிலில் நடத்திக் காட்டுகிறார்கள். கட்டடமும் கதையும் ஜனமும் ஒட்டியே இருக்கிற இடம் அது.

இன்னொன்று, எந்தக் கட்டடத்தைக் கொண்டாடுகிறோம் என்பதும் இருக்கிறது. தூணும் வளைவும் கோபுரமும் இருந்தால்தான் நடை போகிறது. பெரம்பூர் பக்கம் பின்னி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஆட்கள் வாயில் அது பி அண்ட் சி மில். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. என்று எத்தனை பேர் உழைத்தார்கள். 1996இல் மில் மூடியது, இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி. என் பெரியப்பா அங்கே நெசவுப் பிரிவில் இருந்தவர். சங்கு ஊதினால் தெருவே மணி பார்த்துக்கொள்ளும் என்பார். அந்த மில்லைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் எந்தக் கண்காட்சியும் தோற்றிருக்கும். கேட்க ஆள் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் வீடுகள். எங்கள் தெருவில் திண்ணை வைத்த வீடு இன்னும் நான்கு பாக்கி. அதில் ஒன்றைப் பார்க்கலாமா என்று போன வருடக் குழுவோடு போய்க் கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அண்ணன் கதவைப் பாதி திறந்து, என் தலையைப் பார்த்ததும் மூடிவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சாயங்காலம் தனியாகப் போனேன். "தப்பா நெனைக்காத. ஆறு பங்காளி. நீங்க வந்து போட்டோ எடுத்துப் போடுவீங்க, நாளைக்கு எவனாவது ஆபீசர் வந்து பாரம்பரியக் கட்டடம்னு எழுதிட்டா இடிக்கவும் முடியாது, விக்கவும் முடியாது. ஒழுகுற மாடிக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு எவன் குடுப்பான்?" பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையம் அமைக்க 2012இலேயே சட்டம் போட்டாயிற்று. சட்டப் புத்தகத்தில் என்ன இருந்தாலும், ஒழுகுகிற மாடிக்கு அடியில் வாளி வைத்து உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு அதில் பதில் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

எங்கள் வீட்டு மாடியும் அதே மெட்ராஸ் டெரஸ்தான். தெரியாதவர்களுக்காக: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் மெல்லிய அச்சுக்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாக்காக அடுக்குவார்கள், சுண்ணாம்புச் சாந்தில். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டுக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. ஜல்லி இறுகி ஒரே பலகையாகும்வரை அந்தச் சத்தம் நிற்காது. கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். வெயிலில் நடந்தால் கால் சுடாது, கீழே படுத்தால் மே மாதத்திலும் தூக்கம் வரும்.

ஒரு மழைக்காலத்தில் மாடி ஒழுக, நான் அவசரப்பட்டு சிமென்ட் பூசிவிட்டேன். சுண்ணாம்பு ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். சிமென்ட் மூடி போட்டு உட்கார்ந்துகொள்ளும். இரண்டே வருடத்தில் உள்ளே அடைபட்ட ஈரத்தில் ஒரு கட்டையின் முனை, சுவரில் சொருகியிருக்கிற இடத்தில், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விரலால் குத்தினால் விரல் உள்ளே போனது. கொத்தனார் பேரன் செய்த காரியம்.

அதனால்தான் சொல்கிறேன். நடை நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழில் நடத்துங்கள். டீக்கடைப் பெரியவரைப் பேச வையுங்கள், அதற்கு ஒரு தொகையும் கொடுங்கள். சொற்பொழிவுக்கு ஓட்டல் ஹால் எடுக்கிற காசில் ஒரு திண்ணை வீட்டு மாடியைத் தட்டிக் கொடுத்தால், அடுத்த வருடம் அந்த அண்ணனே கதவைத் திறந்து மோர் கொடுப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டடத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதைவிட, அவரவர் தாத்தா எந்தக் கட்டடத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஹார்பர், மில், ரயில்வே, அச்சகம், உப்பளம் என்று பாதி வடசென்னை அதில் வந்துவிடும்.

பெரிய திட்டமெல்லாம் என்னிடம் இல்லை. வருகிற ஆகஸ்டில் எங்கள் வீட்டு மாடியில் அந்த சிமென்டைப் பெயர்த்துவிட்டுக் காரை போடுகிறோம். பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் திருவொற்றியூரில் கிடைத்திருக்கிறார், எழுபது வயது தாண்டியவர். கடுக்காய் கொத்தவால் சாவடிப் பக்கம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பை இப்போதே ஊறப் போட்டாயிற்று. தட்டுக்கட்டை ஆறு சேர்த்து வைத்திருக்கிறேன், ரயில்வே பெரியவரும் வருகிறேன் என்றார். புட்டு ஆயாவிடம் அன்றைக்கு அம்பது பேருக்குப் புட்டு சொல்லியிருக்கிறேன். "இன்னா விசேஷம்?" என்றது. மாடி தட்டுகிறோம் ஆயா என்றேன். "எங்கம்மா கட்டை புடிச்சவதான்" என்று சொல்லிவிட்டு, தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறது.

வருகிறவர்கள் பழைய துணி போட்டுக்கொண்டு வாருங்கள், சுண்ணாம்பு தெறித்தால் கறை போகாது.