படுவான்கரையிலிருந்து உக்ரைனைப் பார்க்கையில்

போன கிழமை அம்பிலாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். (வெளியூர் நண்பர்களுக்கு: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை படுவான்கரை, கிழக்குக் கரை எழுவான்கரை. எங்கள் பக்கம் வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பெயர்தான் பாதை.) பக்கத்தில் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற பெரியவர் போனில் உக்ரைன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "நேட்டோவ வாசல் வரைக்கும் கூப்பிட்டா மறுகா புட்டின் சும்மா இருப்பானா தம்பி?" என்றார். நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் பதில் சொல்வதற்குள் கரை வந்துவிட்டது. சொல்லாமல் வந்தது மனதில் கிடந்து உறுத்துகிறது.

சரி, காரணத்தையே பேசுவோம். நேட்டோ என்பது அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த இராணுவக் கூட்டணி. 2008இல் அதன் புக்கரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜோர்ஜியாவும் நேட்டோவில் சேரும் என்று அறிவித்தார்கள். எப்போது என்று சொல்லவில்லை. அதுவரை அவர்களுக்கு யார் காவல் என்றும் சொல்லவில்லை. பொறுப்பில்லாத வாக்குறுதி அது. 2014இல் மக்கள் போராட்டத்தில் உக்ரைன் ஜனாதிபதி யானுகோவிச் நாட்டை விட்டு ஓட, ரஷ்யா உக்ரைனின் கிரைமியாவை எடுத்துக்கொண்டது. கிழக்கு உக்ரைனின் டொன்பாசில் தொடங்கிய சண்டையில் எட்டு வருடத்துக்குள் 14,000 பேர் வரை செத்தார்கள். சண்டையை நிறுத்த மின்ஸ்க் ஒப்பந்தம் இரண்டு தடவை எழுதப்பட்டு இரண்டு தடவையும் நிலைக்கவில்லை.

பெரியவரின் கணக்கில் வராதவையும் இருக்கின்றன. 1994இல் உக்ரைன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கைவிடச் சம்மதித்தபோது, அதன் எல்லையை மதிப்பதாகப் புடாபெஸ்டில் கையெழுத்து வைத்தவர்களில் ரஷ்யாவும் ஒன்று. தமிழருக்கு அதிகாரம் பகிர்வதாகப் பிரதமர் பண்டாரநாயக்க கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு கைவிட்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் தெரிந்த நமக்கு, கையெழுத்து வைத்தவனே அதை மீறுவதன் வலியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் 2021 ஜூலையில் புட்டின் எழுதிய கட்டுரை: ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்களாம். நீ தனி இனமில்லை, உன் மொழியும் தனி மொழியில்லை என்று பெரியவன் சின்னவனுக்குச் சொல்லும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை நாம் வாழ்ந்தே பார்த்திருக்கிறோம். நேட்டோ மட்டும்தான் காரணம் என்றால், ரஷ்யாவோடு 1,300 கிலோமீற்றருக்கு மேல் எல்லை உள்ள பின்லாந்து 2023இல் சேர்ந்தபோது ஏன் டாங்கிகள் அங்கே போகவில்லை?

2003இல் ஈராக்குக்குள் அமெரிக்கா நுழைந்ததும் இதே குற்றம்தான். தேடிப்போன பேரழிவு ஆயுதம் கிடைக்கவே இல்லை. அன்றைக்குக் கொதித்தவர்கள் இன்றைக்கு ரஷ்யாவுக்குக் காரணம் தேடுவதுதான் எனக்கு ஆறவில்லை. காரணங்களை எவ்வளவு நீளமாக அடுக்கினாலும், 2022 பெப்ரவரி 24 விடியற்காலை உத்தரவு கொடுத்தது ஓர் ஆள். அடுக்குகிற வேகத்தில் அந்த ஆள் மறைந்துபோகிறான்.

"நாங்க சாகேக்க யார் பேசினது?" என்று கேட்கிறவர்களின் கோபம் எனக்கும் உண்டு. 2022 மார்ச் 2இல் ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன, 5 எதிர்த்தன. ஒதுங்கி நின்ற 35இல் இலங்கையும் ஒன்று. நம்மை அழவைத்த அதே மௌனத்தை நாமும் ஏன் கையில் எடுக்க வேண்டும்?

அந்தப் போர் நம் வட்டைக்கும், அதாவது வயல்வெளிக்கும், வந்தது. இரசாயன உரத்தை 2021இல் தடைசெய்தது நம் அரசு, டொலர் தீர்ந்ததும் நம் ஆட்சியாளர்களால்தான். அதைப் புட்டின் தலையில் கட்டமாட்டேன். ஆனால் யூரியா இயற்கை வாயுவிலிருந்து வருவது. போரால் வாயு விலை ஏற, உரமும் ஏறியது. போருக்கு முன் உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால்பங்குக்கு மேல் ரஷ்யா, உக்ரைன் என்ற இரண்டு நாடுகளுடையது. கருங்கடல் அடைபட்டதும் பாண் விலை என்ன ஆனது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிறுபோகத்தில் அப்பா உரப்பையைப் பிரித்து, கையில் அள்ளி, பாதியைத் திரும்பப் பைக்குள் போட்டார். மேல் வரவைக்கு (வரம்பு கட்டிய வயல் துண்டுக்கு) மட்டும் எறிந்தார். கீழ் வரவை மஞ்சளாகவே நின்றது.

2023 ஜூன் 6இல் ரஷ்யப் படையின் பிடியிலிருந்த ககோவ்கா அணை உடைந்தபோது, உன்னிச்சைக் குளக்கட்டு உடைந்தால் எப்படியிருக்கும் என்றுதான் எனக்குப் பட்டது. முதலில் வெள்ளம். அதன்பின் வாய்க்காலில் தண்ணீரே இல்லை. அங்கே வயல்களில் விதைத்ததைவிடப் புதைத்த வெடி அதிகம். நம் கிழக்கு மாகாணத்தில் போர் ஓய்ந்தது 2007இல். மட்டக்களப்பு கண்ணிவெடி நீங்கிய மாவட்டம் என்று அறிவிக்கப் பத்து வருடம் பிடித்தது. இவ்வளவுக்கும் நம்முடையது ஒரு சிறிய மாவட்டம்.

2007 மார்ச்சில் எங்கள் ஊரே எழும்பி எழுவான்கரைக்கு ஓடியது. பெரும்போக வெட்டு முடிந்து நெல் களத்தில் குவிந்து கிடந்தது. ஷெல் விழ விழ அம்மா பட்டிக்குப் போய் ஒவ்வொரு மாட்டின் கயிறாக அவிழ்த்தார். முடிச்சு இறுகிய ஒன்றைக் கத்தியால் அறுத்தார். அதன்பிறகுதான் எங்களோடு தோணியில் ஏறினார்.

உக்ரைன் போர் தொடங்கிய நாட்களில், இர்பினில் உடைந்த பாலத்துக்கு அடியில் சனம் நெருக்கியடித்து நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நேட்டோ எது, டொன்பாஸ் எது என்று அம்மாவுக்குத் தெரியாது. வெற்றிலையை மடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்:

"அதுகள் ஆடுமாட்டையெல்லாம் அவிட்டு விட்டுட்டா வந்ததுகள்?"