கரு கொட்டிக் கிடக்கிறதாம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். வராதவர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லப்போவதில்லை. பெரியவர், நிறைய எழுதியவர், அந்த மரியாதை எனக்கு இன்னும் இருக்கிறது. இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், 200 வார்த்தைக்குள்ள சரித்திரக் கதை எழுதணும்னா கருவே சிக்க மாட்டேங்குது. நீங்க எப்படித் தேடுவீங்க?" அவர் மைக்கை வாங்கிக்கொண்டு சொன்னது: "ரெண்டாயிரம் வருஷ வரலாறு இருக்கிற இனத்துல பொறந்துட்டு கரு கிடைக்கலையாம்மா? கொட்டிக் கிடக்கு. குனிஞ்சு பொறுக்கத் தெரியலைன்னா கோலப்போட்டிக்குப் போங்க." அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துத்தானே பழக்கம்.

மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். ஐயா, கொட்டிக் கிடப்பது தகவல். தகவல் வேறு, கரு வேறு.

குனிந்து பொறுக்காமல் ஒன்றும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கென்று குடியமர்த்திய ஆடல் பெண்கள், இருக்கிறார்கள். ராஜராஜன் ஒவ்வொருத்தியின் பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 400 பெண்கள், 400 கதைகள் என்று துள்ளிக்கொண்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

ஒன்றுகூட வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். தளிச்சேரி என்றால் என்ன என்று வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு முப்பது வார்த்தை போச்சு. சுருக்கமாகத் தேவதாசி என்று எழுதலாமே என்றால், அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாசகர் தன் மனதில் ஏற்கெனவே இருக்கும் கதையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார், என் கதையைப் படிக்க மாட்டார். இடத்தையும் காலத்தையும் சொல்ல இன்னொரு இருபது. ஊர் விட்டு ஊர் வந்தவள் என்று சொல்ல இன்னொரு இருபது. அவள் வாய் திறந்து பேசுவதற்குள் கதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடுகிறது.

இதுதான் சிக்கல். வாசகருக்குத் தெரியாத விஷயமென்றால் விளக்கியே தீர்ந்துபோகிறது. தெரிந்த விஷயமென்றால் அதில் கதை தீர்ந்துபோயிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன சந்து இருக்கிறது. அந்தச் சந்து எங்கே என்றுதான் நான் கேட்டேன். அவர் சரித்திரம் எங்கே இருக்கிறது என்று பதில் சொன்னார். அது எனக்கே தெரியும் சார், நூலகத்தில் இருக்கிறது.

"அப்படியானால் நாவலாக எழுத வேண்டியதுதானே" என்று ஒருவர் வருவார். வந்தாகிவிட்டது, இன்பாக்ஸில். குறள் கஷ்டமாக இருக்கிறது என்கிறவனிடம் காப்பியம் எழுதப்பா என்று சொல்வது மாதிரி இருக்கிறது. எனக்குக் குட்டிக் கதைதான் பிடித்திருக்கிறது. காரணமெல்லாம் சொல்ல முடியாது. "ஏஐ கிட்ட கேளுங்க மேடம்" என்றார் இன்னொருவர். கேட்டேன். பத்துக் கரு கொடுத்தது. எட்டில் ஒற்றன் இருந்தான், ஆறில் நிலவொளி. எல்லாவற்றிலும் ஓலை.

வேறொரு ஆட்சேபம் உண்டு, அதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். "கற்பனைக்கதைதானே, எதற்கு இவ்வளவு தகவல் பார்க்கிறீர்கள், மனதுக்குத் தோன்றியதை எழுதுங்கள்." எழுதினேனே. என் முதல் குட்டிக் கதையில் சோழர் காலத்து வீரன் ஒருவனின் மனைவி அடுப்படியில் மிளகாய் வறுக்கிறாள். வாசலில் சேதி வருகிறது. அவள் இருமுகிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, நெடியாலா அழுகையாலா என்று மாமியாருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதலில் என் தங்கையிடம்தான் காட்டினேன். படித்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "அக்கா, மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகுதானே நம்ம ஊருக்கு வந்தது?"

அவ்வளவுதான். முடிந்தது. மிளகாயை எடுத்துவிட்டு மிளகு போட்டுப் பார்த்தேன். மிளகை வறுத்தால் அந்த நெடி ஏறாது. சமையலறையில் நானே வறுத்துப் பார்த்தேன், சும்மா சொல்லவில்லை. கதை முழுக்க அந்த ஒரு இருமலில் நின்றுகொண்டிருந்தது. ஆயிரம் பக்க நாவலில் ஒரு மிளகாய் தப்பித்துப் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 200 வார்த்தையில் மிளகாய்தான் தூண். அதை உருவினால் கூரை விழும். இந்த வலி தெரிந்தவர் "கொட்டிக் கிடக்கு" என்று சொல்ல மாட்டார்.

சரி, கரு கிடைத்ததே இல்லையா என்றால், ஒரே ஒரு முறை கிடைத்தது. அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை, என் மாமியார் கண்டுபிடித்தார்.

போன வருஷம் உத்தரமேரூர் போயிருந்தோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், குடவோலைக் கல்வெட்டு. பராந்தகச் சோழன் காலம், கி.பி. 921. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். எழுத்து எனக்குப் புரியாது. அச்சில் வந்த வாசகத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு அத்தைக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். முப்பது குடும்பு (இப்போதைய வார்டு மாதிரி), நிற்பவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், 35 வயதுக்கு மேல் 70-க்குள், கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவுக்காரர்களும் நிற்கக் கூடாது. இந்த இடத்தில் அத்தை "நல்லா வெச்சான்யா" என்றார். அப்புறம் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார்கள், உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள், மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்குவான் என்று சொன்னேன்.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு என்ன குடுத்தாங்க?"

நான் எத்தனையோ முறை படித்த கல்வெட்டு. அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. யார் நிற்கலாம் யார் நிற்கக் கூடாது என்று மருமகன், மச்சான் வரைக்கும் எழுதி வைத்த சபையில், ஓலை எடுத்த கைக்குப் பெயர் இல்லை, கூலி இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவனுக்கு ஏதாவது தின்னக் கிடைத்ததா? பஸ்ஸிலேயே எழுதிவிட்டேன். 180 வார்த்தை. குடவோலை எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. பையனை யாருக்கும் தெரியாது. நான் சொன்ன சந்து இதுதான்.

அந்தக் கதைக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன், பொறாமைக்காரி என்று சொல்வீர்கள், பரவாயில்லை. ஒரு போட்டிக்கு அனுப்பினேன். "நடை நன்று. ஆனால் சரித்திரச் சம்பவம் இல்லை. மன்னர் பாத்திரம் சேர்த்து மீண்டும் அனுப்பலாம்" என்று திரும்பி வந்தது. அந்த ஊர்ச் சபை கூடி ஓலை எடுத்தால் அது சம்பவம் இல்லையாம். பராந்தகன் குதிரையில் வந்து இறங்கினால்தான் சம்பவமாம். குளம்படி கேட்கவேண்டும், புழுதி பறக்கவேண்டும். மாறுவேடமும் ஒரு சுரங்கப்பாதையும் இருந்தால் முதல் பரிசே கிடைத்திருக்கும்.

அப்படியானால் கொட்டிக் கிடப்பது எது என்று இப்போது புரிகிறது. ராஜாக்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். அதைத்தான் பொறுக்கச் சொன்னார்.

"அவர் நகைச்சுவையாச் சொன்னாரு, பெரியவர், விட்டுடுங்க" என்று எழுதப்போகிற நண்பர்களுக்கு: அந்த வீடியோவில் மூன்றாவது வரிசையில் நீங்களும்தான் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்றிரவே "நீங்க கேட்டது நியாயமான கேள்வி" என்று தனியாக மெசேஜ் அனுப்பினீர்கள். அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் கேள்வி கேட்ட தம்பிக்குக் கால் மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னாரே, அவனை ஏன் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை? சரி, அது வேறு பேச்சு. இல்லை, அதே பேச்சுதான். ஆனால் இன்றைக்கு வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நான் கோலமும் நன்றாகப் போடுவேன். அதிலும் புள்ளி எங்கே வைப்பது என்பதுதான் கஷ்டம். மாவு கொட்டித்தான் கிடக்கிறது.

இப்போது என் மேஜையில் இருப்பது எடுத்தனூர் நடுகல். திருவண்ணாமலைப் பக்கம். மகேந்திரவர்மன் காலம், 1400 வருஷம் ஆகிறது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கு எடுத்த கல். வீரன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்கிற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று நாயின் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு மாதமாக முட்டி மோதுகிறேன். கல் வெட்டியவனே பத்து வார்த்தைக்குள் கதையை முடித்துவிட்டான். நான் எதைச் சேர்த்தாலும் வாலுக்கு மேல் வால் ஒட்டியது மாதிரி இருக்கிறது. தகவல் கையில் முழுசாக இருக்கிறது, பெயர்கூட இருக்கிறது. கரு இல்லை.

நேற்று ராத்திரி அத்தையிடம் இதையும் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "காத்து நின்னுச்சு, சரி. மறுநாள் அதுக்கு யாரு சோறு வெச்சா?" என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். 340 வார்த்தையில் நிற்கிறது, இன்னும் 140 வெட்டவேண்டும். கமெண்டில் "கரு கொட்டிக் கிடக்கு" என்று போட வருகிறவர்கள், அந்த நாய்க்குச் சோறு வைத்தது யார் என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள். 200 வார்த்தைக்குள். மிளகாய் இல்லாமல்.