ஈடிபஸுக்கு ஈடிபஸ் சிக்கல் இருந்ததா?

தாய்மீது ஆசையும் தந்தைமீது பகையும் கொள்ளும் குழந்தைப் பருவ மனநிலையை உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் ‘ஈடிபஸ் சிக்கல்’ என்றார். ஈடிபஸையும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் இந்த ஒரே மனச்சிக்கலின் இரு வடிவங்களாகக் காணும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்தில் ஈடிபஸ், பிறந்து மூன்று நாள் ஆகுமுன்பே கணுக்கால்கள் துளைக்கப்பட்டுக் கைவிடப்படுகிறான். கொரிந்து நகரில் அரசன் பாலிபஸும் அரசி மெரோப்பியும் அவனைத் தம் பிள்ளையாகவே வளர்க்கிறார்கள். குழந்தைப் பருவத்துப் பற்று அவனுக்கு யார்மீதேனும் வேரூன்றியிருந்தால் அது மெரோப்பியின் மீதுதான் இருந்திருக்க வேண்டும். தந்தையைக் கொன்று தாயைக் கூடுவாய் என்ற டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கைக் கேட்டு அவன் விலகி ஓடுவதும் அவளிடமிருந்துதான். அவனைப் பெற்ற யொகாஸ்டாவோ, ஸ்ஃபிங்ஸ் என்னும் அரக்கியின் புதிரை விடுவித்தவனுக்கு அரியணையோடு சேர்ந்து வாய்த்த, அவன் முன்பின் அறியாத பெண். தாயோடு கூடுவதாகப் பலர் கனவு கண்டிருக்கிறார்கள் என்று அவள் சொல்வதை ஃப்ராய்ட் சான்றாக எடுத்தாண்டார். ஆனால், மெரோப்பியை எண்ணி அஞ்சும் கணவனைத் தேற்றவே அவள் அப்படிச் சொல்கிறாள் என்பதை மறந்துவிடலாகாது.

ஃப்ராய்ட் 1900-இல் கோடிகாட்டி, அவரைப் பின்பற்றிய உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ் 1949-இல் நூலாகவே விரித்த ஹாம்லெட் விளக்கத்துக்கு இதைவிட வலு அதிகம்: தன் தந்தையைக் கொன்று தாயை மணந்த சிற்றப்பனைப் பழிவாங்க ஹாம்லெட் தயங்குவது இந்தச் சிக்கலால்தான் என்பது அந்த விளக்கம். தாயின் அறையில் ஹாம்லெட் பேசுவது, தந்தையின் கொலையைவிட அவளது படுக்கையைப் பற்றியே மிகுதி. ஆயினும் அதே காட்சியில், திரைக்குப் பின்னால் இருப்பவன் அரசனாகிவிட்ட அந்தச் சிற்றப்பன் என்றெண்ணி அவன் சற்றும் தயங்காமல் வாளைப் பாய்ச்சுகிறான், மாண்டவரோ அரசவை ஆலோசகர் பொலோனியஸ். சிற்றப்பனைக் கொல்லவிடாமல் ஆழ்மனமே தடுக்கிறது என்போர் முதலில் விளக்க வேண்டியது இந்த வாள்வீச்சைத்தான். கட்டுரையோ அதைத் தொடவேயில்லை.