அந்தச் சிறுவனைக் கதையிலிருந்து காப்பாற்றாதீர்கள்

மகனின் தமிழ்ப் பயிற்சித்தாளில் ஒரு கதை. அதன் கீழே, "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்று கேட்டு, விடை எழுத ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்த ஒற்றைக் கோடு இரண்டு நாளாக என் மனத்தை அறுக்கிறது.

சிங்கப்பூரின் ரெட்ஹில், அதாவது செங்குன்று, எம்ஆர்டி ரயில் நிலையத்தை நாம் எத்தனை முறை கடந்திருப்போம்! அந்தப் பெயருக்குள் ஒரு சிறுவன் இருக்கிறான். 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் நூலில் வரும் கதை. வாள்போல் நீண்ட மூக்குடைய தோடாக் மீன்கள் கரைமேல் பாய்ந்து மக்களைக் குத்திக் கொல்கின்றன. மன்னரோ ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவர்களின் கால்களையே வேலியாக்குகிறார். பிணங்கள் விழுகின்றன. "வாழை மரங்களை வெட்டி வேலி கட்டினால் என்ன?" என்று கேட்கிறான் ஒரு சிறுவன். கட்டுகிறார்கள். பாய்ந்த மீன்களின் மூக்கு வாழையில் சிக்கிக்கொள்கிறது, ஊர் பிழைக்கிறது. இந்த வயதிலேயே இவ்வளவு அறிவு என்றால் வளர்ந்தபின் என்ன செய்வானோ என்று பிரமுகர்கள் மன்னரின் காதில் ஓத, அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அவனுடைய இரத்தம் ஓடித்தான் குன்று சிவந்தது என்று மக்கள் சொல்லி வருகிறார்கள்.

மகனுக்கு ஐந்து வயதில் இதைச் சொன்னபோது மீன்களோடு நிறுத்திக்கொண்டேன். மன்னர் பரிசு கொடுத்தார் என்றுகூடச் சேர்த்தேன். எட்டு வயதில் வகுப்புத் தோழன் ஒருவன் முழுக் கதையையும் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "அவன் காப்பாற்றினானே, அந்த ஆட்களெல்லாம் அப்போது எங்கே போனார்கள், அப்பா?"

இதை எந்தக் கோட்டில் எழுதுவது? "அறிவே ஆற்றல்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கதை அப்படிச் சொல்லவில்லையே! அந்தச் சிறுவனின் இரத்தப்பழி சிங்கப்பூரின் மேல் விழுந்தது என்று செஜாரா மெலாயு வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பழைய கதைசொல்லிக்கு இருந்த துணிவு பெற்றோராகிய நமக்கு வேண்டாமா?

பாட்டி வடை சுட்ட கதையையே பாருங்கள். நாங்கள் கேட்டதில் காக்கை ஏமாந்துபோகும். இப்போது பிள்ளைகள் சொல்வதில், அது வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு 'கா கா' என்று பாடுகிறது. ஏமாந்த காக்கைக்காக மனம் பொறுக்காத யாரோ கண்ட வழி அது என்றே நம்புகிறேன். நீதியை எழுதி மூடிவைத்த கதையில் இந்த வழி பிறந்திருக்காது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்க அரைப்பக்கம் விடுங்கள்.

நேற்று ரயில் தியோங் பாரு சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் மகன் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு குன்றைத் தேடினான். அடுக்குமாடி வீடுகள்தான் தெரிந்தன. "அவனுடைய அம்மாவிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள், அப்பா?" என்றான். குவீன்ஸ்டவுன் வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.