பங்கு வழக்கு: இறுதித் தீர்ப்பாணை வரை அப்பீலுக்குக் காத்திருக்கக் கூடாது

“பாகப்பிரிவினை வழக்கில் இறுதித் தீர்ப்பாணை வந்த பிறகுதான் அப்பீல் போக முடியும்” என்று குமரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. இதை நம்பினால் பங்கே கைவிட்டுப் போகும்.

இந்த வழக்கில் தீர்ப்பாணை இரண்டு கட்டமாக வரும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதலில் வரும் முதல்நிலைத் தீர்ப்பாணையே முடிவு செய்துவிடுகிறது. பிறகு கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து தென்னந்தோப்பை அளப்பது, எந்தத் துண்டு யாருக்கு என்று பிரிக்கத்தான்; அந்தப் பிரிப்பை முடிவு செய்வதே இறுதித் தீர்ப்பாணை. உங்களுக்கு மூன்றில் ஒன்று வரவேண்டிய இடத்தில் ஆறில் ஒன்று என்று தீர்ப்பானால், அப்போதே அப்பீல் செய்யுங்கள். விட்டுவிட்டால், இறுதித் தீர்ப்பாணை மீதான அப்பீலில் அந்தக் கணக்கைக் கிளப்ப உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு விடாது.

இரணியல் போன்ற இடங்களின் முன்சீப் கோர்ட் தீர்ப்பென்றால் மாவட்டத்துக்குள்ளேயே அப்பீல். கெடு 30 நாள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் வழக்குக்கு 90 நாள். இரண்டுமே தீர்ப்புத் தேதியிலிருந்துதான் ஓடும்.

பலர் தவறுவது அப்பீலுக்குத் தேவையான தீர்ப்பு நகலில். நகல் மனு போட்ட பிறகு, நகல் தயாராக ஆகும் நாட்கள் கெடுவில் சேராது. மனு போடாமல் இருந்த நாட்கள் கெடுவில் சேரும். தீர்ப்பன்றே மனு போட்டுவிடுங்கள். கெடு தாண்டினால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் போதிய காரணம் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் படித்தேன் என்பதை நம்பி அங்கே போகாதீர்கள்.