கொசுறு

மகன்: அம்மா, ஃப்ரிட்ஜில் டப்பாவுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி இருந்ததே, எங்கே?

அம்மா: அந்தக் கெட்டுப்போன பனீரா? முகர்ந்தால் குமட்டியது. தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவி வைத்திருக்கிறேன்.

மகன்: கழுவிவிட்டாயா! அது ஃபெட்டா, கிரேக்கச் சீஸ். உப்புநீரில்தான் கிடக்க வேண்டும். 450 ரூபாய்!

அம்மா: 450-ஆ? கொசுறு என்ன கொடுத்தார்கள்?

மகன்: சூப்பர் மார்க்கெட்டில் யாராவது கொசுறு கொடுப்பார்களா? பில் போட்டார்கள், கார்டைத் தேய்த்தேன்.

அம்மா: வாயே திறக்காமலா?

மகன்: விடு அம்மா. கிரேக்க சாலட் இன்று என் பொறுப்பு. தக்காளி, வெள்ளரிக்காய் எல்லாம் பொடியாக நறுக்கி உப்புப் போட்டாயிற்று. ஒரு மணிக்குச் சாப்பிடலாம்.

அம்மா: இப்போது மணி பத்து. ஒரு மணிக்கு அதில் நீச்சல் அடிக்கலாம். ராமநவமிக்குக் கோசுமல்லி செய்தால் இலையில் வைக்கும்போதுதானே உப்புப் போடுவேன்? இருபது வருடமாகத் தின்கிறாய், ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா?

மகன்: வடித்துவிட்டால் போகிறது. மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும்.

அம்மா: நீ பிறந்தபோது மருந்துக் கடையில் சின்ன பாட்டிலில் வாங்கி உன் உடம்பில் தேய்த்தோம். நீ அதைக் காய்க்குத் தேய்க்கிறாய். இந்தக் கறுப்புப் பழம்?

மகன்: கலமாட்டா ஆலிவ். கிரீஸின் தெற்கே கலமாட்டா என்று ஓர் ஊர், அதன் பெயர். நம் சேலத்து மாம்பழம் போல.

அம்மா: இதற்குக் கொசுறு?

மகன்: அம்மா! ஓரிகானோ மட்டும் வாங்க மறந்துவிட்டேன்.

அம்மா: பீட்சாவோடு வரும் பாக்கெட்தானே? அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. இந்த வீட்டுக்குக் கொசுறாக வந்த ஒரே வெளிநாட்டுச் சரக்கு அதுதான். இந்தப் பனீரை இங்கேயே செய்தால் என்ன?

மகன்: பனீர் இல்லை. செம்மறியாட்டுப் பால். வெள்ளாட்டுப் பால் கலந்தாலும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கிரீஸில் செய்ததற்கு மட்டுமே ஃபெட்டா என்ற பெயர் என்று 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் சொல்லிவிட்டது. ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்குப் போட்டன. 2005-இல் கோர்ட்டும் கிரீஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

அம்மா: நல்ல கோர்ட். அங்கே ஆடு வளர்ப்பவன் விலை இறங்காமல் பார்த்துக்கொள்ள நீதிபதி இருக்கிறார். காலையில் நம் தெருவுக்கு வண்டி தள்ளி வந்தவர் விடிவதற்கு முன்பே கோயம்பேட்டில் சரக்கு எடுத்தவர். வெள்ளரிக்காய் கிலோ 40 என்றார். நீ வெயிலில் அவரை நிறுத்தி வைத்து 30-க்குக் கேட்டாய். அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

(மகன் மும்முரமாக வெங்காயம் நறுக்குகிறான். இவ்வளவு மெல்லியதாக அந்த வீட்டில் யாரும் நறுக்கியதில்லை.)

மகன்: கண் எரிகிறது.

அம்மா: எரியட்டும்.

மகன்: எலுமிச்சம்பழம் எங்கே அம்மா?

அம்மா: பச்சைப் பையில், கறிவேப்பிலைக்கு அடியில். கொசுறாக இரண்டு கேட்டாய் அல்லவா, மூன்று போட்டிருக்கிறார்.